கடைவீட்டுச் சுவரில் பெரிய விளம்பரம்: கவுன்சில் லைசென்ஸ் மட்டும் போதுமா?

பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்பூட் பட்டணத்தின் பெரிய சாலையில், முனையில் நிற்கும் மூன்று மாடிக் கடைவீடு உங்கள் குடும்பத்துக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் பக்கச் சுவரில் 20 அடிக்கு 30 அடி அளவில், இரும்புச் சட்டகத்தில், இரவில் விளக்கெரியும் விளம்பரம் ஒன்றை வைக்க ஒரு விளம்பர நிறுவனம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறது. “கவுன்சில் லைசென்ஸ் எங்கள் பொறுப்பு, நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்” என்று முகவர் சொன்னாராம். அது போதுமா, அக்கம்பக்கத்தார் தடுக்க முடியுமா, ஏதாவது தவறிப்போனால் அபராதம் யார் தலையில் விழும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது என்பதே என் பதில். விளம்பரத்தைக் காட்சிக்கு வைப்பதற்கான உரிமம் ஒரு சட்டத்திலிருந்து வருகிறது. அதைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தைச் சுவரில் பொருத்துவதற்கான கட்டட அனுமதி இன்னொரு சட்டத்திலிருந்து வருகிறது. அந்த இடத்தில் அத்தகைய மேம்பாடு நடக்கலாமா என்ற திட்ட அனுமதி மூன்றாவது சட்டத்திலிருந்து வருகிறது. மூன்றையும் கொடுப்பது ஒரே நகராண்மைக் கழகமாக இருக்கலாம், விண்ணப்பமும் ஒரே முகப்பில் போய்ச் சேரலாம். ஆனாலும் ஒன்று கையில் இருப்பதால் மற்ற இரண்டும் கிடைத்துவிட்டதாக ஆகாது. இந்தத் துறையில் நான் பார்த்த சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணிக் கையெழுத்திட்டதால் வந்தவைதான்.

முதலில் உரிமத்தைப் பார்ப்போம். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் துணைவிதிகளை இயற்றும் அதிகாரத்தை நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றங்களுக்குத் தருகிறது. அத்துணைவிதிகள் மாநில அரசு உறுதிப்படுத்திய பிறகே நடைமுறைக்கு வரும் என்பதால், பேராக்கில் உள்ள விதி சிலாங்கூரிலோ ஜொகூரிலோ உள்ள விதியைப் போலவே இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது; கோலாலம்பூரில் வேலை செய்து பழகிய முகவர்கள் இங்கே தடுமாறுவது பெரும்பாலும் இதில்தான். உங்கள் பட்டணம் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் ஆட்சிக்கு உட்பட்டது; ஆகவே அக்கழகத்தின் துணைவிதியே உங்களுக்குப் பொருந்தும்.

அதே சட்டத்தின் 107ஆவது பிரிவை நீங்கள் ஒருமுறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். உரிமத்துக்கு எந்த நிபந்தனையை வேண்டுமானாலும் மன்றம் விதிக்கலாம், காரணம் எதுவும் கூறாமல் எந்நேரமும் அதை ரத்து செய்யலாம், புதுப்பிக்க மறுக்கலாம், ரத்தானதற்காக உரிமதாரர் இழப்பீடு கேட்க முடியாது. உரிமத்தின் காலமும் மூன்றாண்டுகளுக்கு மேல் போகாது. நடைமுறையில் பல மன்றங்கள் ஆண்டுக்கு ஆண்டுதான் கொடுக்கின்றன. உங்கள் முன்னால் வைக்கப்பட்டிருக்கும் ஒப்பந்தமோ ஐந்தாண்டுக்கு உரியது. இரண்டாம் ஆண்டில் உரிமம் புதுப்பிக்கப்படாமல் போனால், சுவரை விளம்பரத்துக்குக் கொடுக்கும் கடமை உங்களுக்கு ஒப்பந்தப்படி இருக்கும். அதைச் சட்டப்படி நிறைவேற்ற வழி இருக்காது. அந்த இடைவெளியை ஒப்பந்தத்தில் எழுதி அடைக்காமல் விட்டால், வாங்கிய வாடகையைத் திருப்பிக் கேட்கும் வழக்கு உங்கள் வாசலுக்கு வரக்கூடும்.

துணைவிதியை மீறினால் சட்டம் 171இன் கீழ் 2,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ அல்லது இரண்டுமோ விதிக்கலாம். குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 200 ரிங்கிட் வரை கூடுதலாக விதிக்கலாம். விளம்பர நிறுவனங்கள் பல இந்தத் தொகையைத் தொழில் செலவில் ஒன்றாகவே கணக்கிட்டு வைத்திருக்கின்றன. அவர்கள் அலட்சியமாகப் பேசுவதைக் கேட்டு நீங்களும் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், ஏனெனில் அடுத்த சட்டத்தின் தொகை வேறு வகையானது.

நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் என்னும் 1976ஆம் ஆண்டின் சட்டம் 172, நிலத்தின் மீதோ அதற்கு மேலோ கீழோ செய்யப்படும் கட்டட வேலை, பொறியியல் வேலை ஆகியவற்றோடு, நிலத்தையோ கட்டடத்தையோ அதன் ஒரு பகுதியையோ பயன்படுத்தும் விதத்தில் ஏற்படும் குறிப்பிடத்தக்க மாற்றத்தையும் ‘மேம்பாடு’ என்கிறது. அதன் 19ஆவது பிரிவின்படி திட்ட அனுமதி இல்லாமல் மேம்பாடு செய்யக் கூடாது. மீறினால் 26ஆவது பிரிவின் கீழ் 500,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்; தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரிங்கிட் வரை கூடுதல் அபராதம். இந்தப் பிரிவு விளம்பர நிறுவனத்தை மட்டும் குறிவைத்து எழுதப்பட்டதன்று. அனுமதியில்லாமல் தன் கட்டடத்தைப் பயன்படுத்தவோ பிறர் பயன்படுத்த விடவோ செய்யும் உரிமையாளரும் அதன் வீச்சுக்குள் வருகிறார்.

அப்படியானால் கடைக்கு மேலே மாட்டும் பெயர்ப்பலகைக்கெல்லாம் திட்ட அனுமதி வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. தன் கடையின் பெயரைத் தன் கடை முகப்பில் எழுதுவதை மன்றங்கள் பொதுவாக விளம்பர உரிமத்தோடு முடித்துவிடுகின்றன. உங்கள் விஷயம் அதிலிருந்து இரண்டு வகையில் விலகி நிற்கிறது. அந்தச் சுவரில் வரப்போவது உங்கள் கடைக்குத் தொடர்பில்லாத மூன்றாம் தரப்பின் விளம்பரம். ஆகவே இதுவரை வெறும் சுவராக இருந்த பகுதி வருமானம் தரும் விளம்பர இடமாக மாறுகிறது. அடுத்து, அது வண்ணம் பூசி எழுதுவதோ துணியை ஒட்டுவதோ அன்று. இரும்புச் சட்டகம் எழுப்புகிற வேலை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் ‘கட்டடம்’ என்பதற்குக் கொடுக்கும் நீண்ட வரையறையில் சுவர், வேலி, தூண் ஆகியவற்றோடு சட்டகமும் விளம்பரத் தட்டியும் அடங்கியிருக்கின்றன. அந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி எவரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, கட்டட அனுமதி தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. திட்ட அனுமதியைப் பொறுத்தவரை, தேவையில்லை என்று மன்றத்தின் திட்டப் பிரிவு எழுத்தில் கொடுத்தாலன்றி, தேவை என்றே கருதிக்கொள்ளுங்கள். மன்ற அலுவலக முகப்பில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னது பின்னர் நோட்டீஸ் வரும்போது துணை நிற்காது.

பாதுகாப்பைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அபராதத்தைக் கட்டிவிடலாம். விழுந்த சட்டகத்தின் கீழ் நின்றவரைத் திரும்பப் பெற முடியாது. காற்றுச் சுமைக்கான மலேசியத் தரநிலையான எம்.எஸ். 1553, தீபகற்பத்தை இரு மண்டலங்களாகப் பிரித்து, வினாடிக்கு 33.5 மீட்டர், 32.5 மீட்டர் என்ற அடிப்படைக் காற்று வேகங்களை வகுத்திருக்கிறது. அந்த வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 65 முதல் 70 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். 20 அடிக்கு 30 அடி என்பது கிட்டத்தட்ட 56 சதுர மீட்டர். ஆகவே வடிவத்துக்கும் உயரத்துக்கும் உரிய திருத்தங்களைச் சேர்ப்பதற்கு முன்பே, உங்கள் சுவரில் அறையப்படும் ஆணிகள் நான்கு டன்னுக்குச் சற்றுக் குறைவான விசையைத் தாங்க வேண்டியிருக்கும். சுவரோடு ஒட்டிய பலகையைக் காற்று தள்ளுவதோடு நிற்பதில்லை. பக்கவாட்டில் அடித்துப் போகும்போது அது பலகையை வெளிப்புறமாக இழுக்கும். மாலையில் மலைப்பக்கமிருந்து மழைக்கு முன்னால் வரும் அந்தத் திடீர்க் காற்றை நம் பட்டணத்தில் அறியாதவர் இல்லை.

இத்தனை விசையும் எதில் போய்ச் சேர்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. பழைய கடைவீடுகளின் பக்கச் சுவர் பெரும்பாலும் செங்கல்லால் ஆனது. கான்கிரீட் தூண்களும் விட்டங்களும் எங்கே இருக்கின்றன என்பது பூச்சுக்கு மேலிருந்து பார்த்தால் தெரியாது. பொறியாளரின் வரைபடம் இல்லாமல் வருகிற பணியாள், துளைப்பான் எங்கே எளிதாக இறங்குகிறதோ அங்கேயே போல்ட்டை இறக்குகிறார். அது செங்கல்லுக்கு நடுவிலோ, அதைவிட மோசமாகச் செங்கற்களுக்கு இடைப்பட்ட சாந்திலோ போய் நிற்கிறது. சில ஆண்டுகளுக்குப் பிறகு இப்படி ஒரு சட்டகம் இறக்கப்பட்ட சுவரை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு போல்ட் துளையிலிருந்தும் துருநீர் கோடாக வழிந்திருந்தது. துளையைச் சுற்றிய பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்தது. பலகையின் பின்னால் வெயிலே படாத சுவர் முழுவதும் கரும்பாசி பிடித்து, உள்ளே படுக்கையறைச் சுவர் வரை ஈரம் இறங்கியிருந்தது. நிறுவனம் பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சுவரைச் செப்பனிடும் செலவு உரிமையாளரின் தலையில் விழுந்தது.

எனவே பதிவுபெற்ற தொழில்முறைப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டு, கையொப்பமும் முத்திரையும் இட்ட வரைபடத்தை நீங்கள் கண்ணால் பார்க்காமல் சுவரில் ஒரு துளை கூட விழக் கூடாது. அந்த வரைபடம் உங்கள் கட்டடத்துக்காக வரையப்பட்டதா என்றும் பாருங்கள். வேறொரு பட்டணத்தின் கட்டடத்துக்குப் போட்ட வரைபடத்தில் முகவரியை மட்டும் மாற்றிக் கொடுப்பதும் நடக்கிறது.

மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர்களின் சன்னல்கள் இரண்டு அந்தப் பலகைக்குப் பின்னால் மறையும் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது போகிற போக்கில் சொல்லிவிடக்கூடிய விஷயமன்று. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகளில் 39ஆவது விதி, குடியிருப்புக்கோ வணிகத்துக்கோ பயன்படும் ஒவ்வோர் அறைக்கும் அதன் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத சன்னலும், 5 விழுக்காட்டுக்குக் குறையாத தடையற்ற காற்றோட்டத் திறப்பும் வேண்டும் என்கிறது. 200 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி சன்னலும் 10 சதுர அடி திறப்பும் இருந்தாக வேண்டும். வலைபோல் துளையிட்ட துணியைப் போட்டால் வெளிச்சம் வரும், உள்ளிருந்து வெளியே தெரியும் என்று நிறுவனம் சொல்லலாம். ஆனால் தீப்பிடித்தால் அந்தச் சன்னல்தான் புகை வெளியேறும் வழி, தீயணைப்பு மீட்புத் துறையினர் ஏணி வைக்கும் இடம். மேலே ஆள் குடியிருக்கும் கட்டடத்தில் சன்னலை மூடும் விளம்பரத்துக்கு எந்த வாடகை கொடுத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பலகையைச் சிறிதாக்கச் சொல்லுங்கள், அல்லது சன்னல் இல்லாத பகுதிக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.

மன்றத்துக்கு வெளியேயும் சில வாசல்களைத் தட்ட வேண்டியிருக்கிறது. பெரிய சாலை கூட்டரசுச் சாலை 1இன் பகுதி என்பதால், சாலையை நோக்கும் ஒளிரும் விளம்பரத்தைப் பற்றிப் பொதுப்பணித் துறையின் கருத்து கேட்கப்படும். தோட்டங்களிலிருந்து மாலை வேளையில் மோட்டார் சைக்கிளில் வந்து அந்த முனையில் திரும்புகிறவர்களை நினைத்துப் பாருங்கள். போக்குவரத்து விளக்குக்குப் பின்புலமாக அசையும் ஒளித்திரை இருந்தால், மழை வழியும் தலைக்கவசக் கண்ணாடியில் சிவப்பு எது, விளம்பரம் எது என்று பிரித்தறிவது எளிதன்று. பலகை சுவரைத் தாண்டிப் பக்கத்துச் சந்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தால், அந்த வான்வெளி உங்களுடையதன்று. அரசு நிலத்துக்கும் ஒதுக்கீட்டு நிலத்துக்கும் மேலுள்ள வான்வெளியைப் பயன்படுத்தத் தேசிய நிலச் சட்டத்தின் 75ஏ பிரிவின் கீழ் தனி அனுமதி உண்டு. அது நில அலுவலகத்தின் வழியாக வருவது. உங்கள் நிலப்பட்டாவில் அச்சிட்டிருக்கும் நிபந்தனையையும் எடுத்துப் பாருங்கள். பட்டணத்துக் கடைவீட்டுக்கு அது பெரும்பாலும் சிக்கலாக இராது. தோட்ட ஓரத்தில் விவசாய வகை நிலம் வைத்திருப்பவர்கள் நெடுஞ்சாலையைப் பார்த்துத் தூண் நடும்போதுதான் அது வினையாகிறது.

கட்டடம் மாடிவாரியாகத் தனித்தனிப் பட்டாவுடன் இருந்தால், வெளிச்சுவர் உங்கள் ஒருவருக்கு உரியதன்று. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் மேலாண்மைக் கழகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். முழுக் கட்டடமும் ஒரே பட்டாவில் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதால் இதை இத்துடன் விடுகிறேன்.

அக்கம்பக்கத்தார் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எந்த இடத்துக்கு என்ன பயன்பாடு என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத பகுதியில் திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் வந்தால், பக்கத்து நிலங்களின் உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் 172இன் 21ஆவது பிரிவு சொல்கிறது. அறிவிப்பு கிடைத்த 21 நாளுக்குள் அவர்கள் காரணங்களோடு எதிர்ப்புத் தெரிவிக்கலாம். நேரில் கேட்கப்படும் வாய்ப்பையும் கோரலாம். ஒட்டிய நிலம் மட்டுமன்றி, 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ வடிகாலோ இடையில் இருந்தால் அதற்கு அப்பாலுள்ள நிலமும் பக்கத்து நிலம்தான். முடிவில் நிறைவில்லை என்றால் மேல்முறையீட்டு வாரியத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வெளியாகி நடப்பில் இருந்தால் இந்த உரிமை எழாது. அப்போது அந்தத் திட்டம் உங்கள் வரிசைக் கடைகளுக்கு என்ன பயன்பாட்டை வகுத்திருக்கிறது என்பதே அளவுகோல். விளம்பர உரிமத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கும்போது அண்டையாருக்கு இந்த அறிவிப்பு போவதில்லை. திட்ட அனுமதி வேண்டாம் என்று முகவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் சுவருக்கு எதிரே கோயிலும் சற்றுத் தள்ளித் தமிழ்ப்பள்ளியும் இருக்கின்றன. உரிமை இருக்கிறதோ இல்லையோ, அந்த நிர்வாகத்தாரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டின் விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகள், சுற்றுப்புறத்தின் இனிமை, பொதுமக்களின் பாதுகாப்பு என்ற இரண்டே காரணங்களுக்காக விளம்பரத்தைக் கட்டுப்படுத்த இடம் தருகின்றன. என்ன பொருளை விளம்பரம் செய்கிறார்கள் என்பதைத் திட்ட அதிகாரி பார்க்கலாகாது. நம் நாட்டில் மன்றத்தின் கை அதைவிட நீளமானது. மதுவோ சூதாட்டமோ கோயிலுக்கும் பள்ளிக்கும் எதிரே வரக் கூடாது என்று உரிமத்தில் நிபந்தனை போடச் சொல்லிக் கேட்க முடியும். உங்கள் ஒப்பந்தத்திலும் அதையே எழுதிக்கொள்ள முடியும். மருந்து விளம்பரம் என்றால் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின் கீழ் தனி ஒப்புதலும் தேவை. விளம்பரத்தில் தமிழ் இடம்பெறலாம். ஆனால் தேசிய மொழி முதன்மையாகவும் மற்றவற்றைவிடப் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது மன்றங்களின் பொதுவான நிபந்தனை. வாசகத்தை, தேசிய மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா சரிபார்த்ததற்கான சான்றைப் பல மன்றங்கள் விண்ணப்பத்தோடு கேட்கின்றன. ஒவ்வொரு முறை விளம்பரம் மாறும்போதும் இது புதிதாகச் செய்யப்பட வேண்டிய வேலை என்பதை மறக்க வேண்டாம்.

ஓர் அலுவலகத்தின் அனுமதி எல்லா அலுவலகத்தின் அனுமதியும் ஆகிவிடாது என்பதற்கு மும்பையில் நடந்ததைவிடக் கொடிய சான்று இல்லை. 2024 மே 13ஆம் நாள் மாலை வீசிய புயற்காற்றில் காட்கோபர் பகுதியில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் மேல் பெரும் விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் மாண்டனர். அது 120 அடிக்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவோ 40 அடிக்கு 40 அடி. நிலம் இரயில்வே காவல் துறையின் வசம் இருந்தது. அந்தத் துறை இடங்கொடுத்திருந்தது. தன் அனுமதி பெறப்படவில்லை என்றது மாநகராட்சி. நிறுவனத்தின் கையில் ஏதோ ஒரு தாள் இருந்தது என்பது அந்தப் பதினேழு குடும்பங்களுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

இனி ஒப்பந்தம். இப்போதுள்ள வடிவில் அதில் கையெழுத்திடாதீர்கள். விளம்பர உரிமம், கட்டட அனுமதி, திட்ட அனுமதி அல்லது அது தேவையில்லை என்னும் கடிதம், பொறியாளரின் சான்று ஆகியவற்றின் நகல்கள் உங்கள் கைக்கு வந்த நாளில்தான் ஒப்பந்தம் உயிர்பெறும் என்று முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். எந்தக் காரணத்தால் உரிமம் ரத்தானாலும், புதுப்பிக்கப்படாமல் போனாலும், இரு தரப்புக்கும் இழப்பீடின்றி ஒப்பந்தம் முடிவுறும் என்றும், குறிப்பிட்ட நாளுக்குள் நிறுவனம் தன் செலவில் சட்டகத்தை இறக்கி, துளைகளை அடைத்து, சுவரைப் பூசி வண்ணமடித்துக் கொடுக்கும் என்றும் இருக்கட்டும். அதற்கு ஈடாகப் போதுமான வைப்புத்தொகை உங்களிடம் இருக்க வேண்டும். இறக்கும் செலவும் சாரம் கட்டும் செலவும் சேர்ந்தால் பல மாத வாடகையை விழுங்கிவிடும். மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் உங்கள் பெயரும் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் தீக் காப்புறுதி நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். கட்டடத்தில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்ததாகப் பின்னால் பேச்சு வரக் கூடாது. நிறுவனம் ஆண்டுதோறும் பொறியாளரைக் கொண்டு போல்ட்டுகளைச் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்ற வரியைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். நான் கேட்கச் சொல்வதில் மிக முக்கியமானது அதுதான். வரும் வாடகை வருமான வரிக்கு உட்பட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இத்தனைக்கும் ஒப்புக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒப்புக்கொள்ளாமல் அடுத்த முனைக் கட்டடத்தைத் தேடிப் போகும் நிறுவனமும் இருக்கிறது. அது போனால் போகட்டும். நகரங்களில் கெடுபிடி கூடக் கூட, கேள்வி கேட்க ஆளில்லை என்று எண்ணித் தோட்டப்புறப் பட்டணங்களின் பக்கம் வருகிறவர்கள் உண்டு. நம் கட்டடங்களின் சுவர்களுக்கும் அவற்றின் கீழே நடக்கும் மக்களுக்கும் தலைநகரில் உள்ளதைப் போலவே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதில் உங்களுக்குக் கூச்சமே வேண்டாம்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கட்டட முகவரி, பட்டா எண், பலகையின் அளவு, பொருத்தும் முறை, விளக்கு உண்டா இல்லையா, சன்னல்கள் எங்கே இருக்கின்றன என்பவற்றைக் குறிப்பிட்டு, சுவரின் புகைப்படத்தோடு நகராண்மைக் கழகத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். திட்டப் பிரிவு, கட்டடப் பிரிவு, உரிமப் பிரிவு ஆகிய மூன்றின் பதிலையும் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலில் முகப்பு முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை நிறுவனத்திடமிருந்து முன்பணம் என்ற பெயரில் ஒரு வெள்ளி கூட வாங்காதீர்கள். அளவெடுக்க வருகிறேன் என்று யாரேனும் ஏணியோடு வந்தால், வரைபடம் வந்த பிறகு வரச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.